வீட்டுக்கு வரும் அரங்கம்: விலையும் மதிப்பும்



கலையின் மேல் பற்றுக்கொண்ட ஒருவர் ஒதுக்கி வைத்த முதலின் வட்டியில் இந்தச் சொற்பொழிவு நடைபெறுகிறது. இங்கே வந்திருப்பவர் எவரும் வாயிலில் கட்டணம் செலுத்தவில்லை. அதனால் இதற்குச் செலவே இல்லை என்று நாம் எண்ணுவதில்லை. செலவை முன்கூட்டியே ஒருவர் ஏற்றுக்கொண்டார் என்று அறிந்து அவரை நன்றியோடு நினைக்கிறோம். கலைக்கான பணம் எங்கிருந்து வரவேண்டும் என்ற கேள்வியைப் பேச இதைவிடப் பொருத்தமான மேடை எனக்குக் கிடைக்காது. மேடையில் நடந்த நாடகத்தை ஒளிப்பதிவு செய்து இணையத்தின் வழியே வீட்டுத் திரையில் காட்டும் வழக்கம் இன்று உலகெங்கும் நிலைபெற்றிருக்கிறது. இதற்கு என்ன செலவாகிறது, அதை யார் ஏற்கிறார்கள், பார்ப்பவருக்கு இதனால் கிடைப்பது என்ன என்பவையே இன்று நான் ஆராய எடுத்துக்கொண்ட கேள்விகள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் காணும் நாடகத்தை அரங்க இருக்கையின் மலிவுப் பதிப்பாக எண்ணுவதுதான் இந்த விவாதத்தில் எழும் குழப்பங்களுக்கெல்லாம் வேர். அப்படி எண்ணுவோரில் ஒரு சாரார், வெறும் பதிவுக்கு எதற்குப் பணம் என்று கேட்கிறார்கள். மறு சாரார், இது நாடகமே இல்லை என்று ஒதுக்குகிறார்கள். இரு சாராரும் கையில் வைத்திருப்பது ஒரே அளவுகோல். ஆனால் வீட்டில் பார்க்கும் பெரும்பாலோருக்கு அரங்க இருக்கை எட்டக்கூடியதாக இருந்ததே இல்லை. அந்த நாடகத்தை வாழ்நாளில் பார்க்காமலே போவதுதான் அவர்களுக்கு இருந்த மாற்று. அதனோடு ஒப்பிட்டால் இந்தப் பதிவின் மதிப்பு பன்மடங்கு உயர்கிறது. மதிப்பு உயரும்போது விலை கொடுக்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது. எனவே இலவசமும் சரியன்று, அரங்கக் கட்டணமும் சரியன்று; பலரும் எளிதில் கொடுக்கக்கூடிய, கலைஞருக்குப் பங்கு சேரக்கூடிய ஒரு விலை வேண்டும் என்பதே என் வாதம்.

இந்த வழக்கம் இணையத்தோடு பிறந்ததன்று. 1881ஆம் ஆண்டு பாரிஸில் நடந்த மின்சாரக் கண்காட்சியில் கிளெமென்ட் அடேர் என்ற பொறியாளர், ஒபேரா அரங்கின் மேடையில் ஒலிவாங்கிகளைப் பொருத்தி, அங்கே பாடியதைத் தொலைபேசிக் கம்பி வழியே கண்காட்சிக்கு வந்தவர்களின் காதில் சேர்த்தார். 1890இல் ஒரு நிறுவனம் இதைத் தொழிலாகவே நடத்தத் தொடங்கியது. பொது இடங்களில் வைத்த கருவியில் 50 சான்டீம் நாணயம் போட்டால் ஐந்து நிமிடம் கேட்கலாம். வசதி படைத்தவர் சந்தா கட்டி வீட்டிலிருந்தே கேட்கலாம். ஆஸ்துமாவால் பெரும்பாலும் அறைக்குள்ளேயே அடைந்து கிடந்த எழுத்தாளர் மார்செல் ப்ரூஸ்ட் 1911இல் அதன் சந்தாதாரரானார். வானொலியும் இசைத்தட்டும் பரவியபின் 1932இல் அந்தச் சேவை நின்றது. நாம் இன்று புதிதென்று பேசும் கட்டண முறைகள் இரண்டும், அதாவது பார்த்த அளவுக்குப் பணம் கொடுப்பதும் மாதச் சந்தா கட்டுவதும், நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன்பே அங்கே இருந்தன. அரங்குக்குச் செல்ல முடியாத உடல்நிலை கொண்ட ஒருவர் அதனால் பெற்ற பயனும் அங்கேயே பதிவாகியிருக்கிறது.

படி எடுத்துவிட்டால் மூலத்தின் மதிப்பு குறைந்துவிடும் என்ற அச்சமும் பழையதுதான். 1964இல் நியூயார்க்கில் ஜான் கீல்குட் இயக்க, ரிச்சர்ட் பர்ட்டன் நடித்த ‘ஹாம்லெட்’ நாடகம் மேடையிலேயே ஒளிப்பதிவாகி, அமெரிக்காவில் ஆயிரத்துக்கு நெருங்கிய திரையரங்குகளில் இரண்டே நாள் காட்டப்பட்டது. காட்டி முடித்ததும் படிகளையெல்லாம் அழித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அழிவுக்குத் தப்பிய படியால்தான் பிற்காலத் தலைமுறைகள் அந்த நடிப்பைப் பார்க்க முடிந்தது. அழிக்க எண்ணியவர்களைக் குறைகூறுவதில் பயனில்லை. நாடகத்தின் வருமானம் முழுவதும் இருக்கைச் சீட்டில்தான் இருக்கிறது என்று நம்பிய காலத்தில், பதிவைப் போட்டியாளனாகப் பார்ப்பது இயல்பு. அந்த நம்பிக்கை தளர நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 2006 டிசம்பரில் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஒபேரா தன் நிகழ்ச்சிகளைத் திரையரங்குகளுக்கு நேரலையாக அனுப்பத் தொடங்கியது. 2009 ஜூனில் லண்டனின் நேஷனல் தியேட்டர், ஹெலன் மிர்ரன் நடித்த ‘ஃபேத்ர்’ நாடகத்தோடு அதே வழியில் இறங்கியது. இவ்விரண்டும் வெற்றி பெற்றதால்தான், 2020இல் பெருந்தொற்றால் அரங்குகளெல்லாம் அடைபட்டபோது உலகுக்குக் காட்டுவதற்கு நல்ல தரமுள்ள பதிவுகள் கைவசம் இருந்தன.

அந்த 2020ஆம் ஆண்டைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 2ஆம் தேதி நேஷனல் தியேட்டர் ‘ஒன் மேன், டூ கவ்னர்ஸ்’ என்ற நகைச்சுவை நாடகத்தின் பதிவை யூடியூபில் இலவசமாக வெளியிட்டது. வாரந்தோறும் வியாழக்கிழமை ஒரு நாடகம், ஒவ்வொன்றும் ஒரு வாரம் என ஜூலை வரை 16 நாடகங்கள் வந்தன. அவை மொத்தம் ஒன்றரைக் கோடி முறை பார்க்கப்பட்டன. பார்த்தவர்கள் 170க்கும் மேற்பட்ட நாடுகளில் இருந்தார்கள். அந்த நிறுவனத்தின் மூன்று அரங்குகளையும் சேர்த்து ஓர் இரவில் ஏறத்தாழ 2500 பேர்தான் அமர முடியும். மூன்றும் ஒருநாள் விடாமல் நிரம்பினாலும் ஒன்றரைக் கோடியை எட்டப் பதினாறு ஆண்டுகளுக்கு மேலாகும். யூடியூபின் ஒரு பார்வைக் கணக்கு முழு நாடகத்தையும் ஒருவர் பார்த்ததைக் குறிக்காது என்பதைக் கழித்துப் பார்த்தாலும் இது வியக்கத்தக்க பரவல். ஆனால் அந்த வரிசை நிறைவுற்ற அதே ஜூலையில், வாயிலிலும் மேடைக்குப் பின்னாலும் வேலை பார்த்த ஏறத்தாழ 400 தற்காலிகப் பணியாளர்களை நீக்கப்போவதாக நேஷனல் தியேட்டர் அறிவித்தது. அரங்கு அடைபட்டதுதான் அதற்குக் காரணம், இலவசக் காட்சி காரணமன்று. எனினும் ஒன்றை இது ஐயமின்றிக் காட்டுகிறது. கோடிக்கணக்கான பார்வைகள் புகழைத் தரலாம். அவை தாமாகவே ஒருவரின் ஊதியமாக மாறிவிடுவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த ஒன்றரைக் கோடிப் பார்வைகளுக்கும் தலா ஒரு பவுண்டு கிடைத்திருந்தால் ஒன்றரைக் கோடி பவுண்டு சேர்ந்திருக்கும். அந்த நிறுவனம் ஆண்டுதோறும் பெறும் அரசுக் கலை மானியத்துக்கு அது நெருங்கிய தொகை. கட்டணம் வைத்திருந்தால் இத்தனை பேர் வந்திருக்க மாட்டார்கள் என்பது உண்மை. வீடுகளில் அடைந்து கிடந்த உலகுக்கு அந்த நாட்களில் இலவசமாகக் கொடுத்தது ஓர் அறச்செயல் என்பதையும் நான் மறுக்கவில்லை. நெருக்கடியில் செய்த கொடை, நெருக்கடி தீர்ந்தபின் உரிமையாகக் கேட்கப்படுவதையே எதிர்க்கிறேன். நிறுவனமும் இதை உணர்ந்துதான் அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி ‘நேஷனல் தியேட்டர் அட் ஹோம்’ என்ற கட்டணச் சேவையைத் தொடங்கியது.

நாடகத்துக்கு ஏன் இவ்வளவு பணம் தேவைப்படுகிறது என்று கேட்பவர்களுக்கு வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரு அமெரிக்கப் பொருளியல் அறிஞர்கள் 1966இலேயே விடை சொல்லிவிட்டார்கள். நிகழ்த்து கலைகளின் பொருளாதாரச் சிக்கலைப் பற்றி அவர்கள் எழுதிய நூல் இன்றும் இத்துறையின் அடிப்படை. இயந்திரம் வந்தபின் ஒரு தொழிலாளி நாளொன்றுக்கு நெய்யும் துணியின் அளவு பலமடங்காகிவிட்டது. நான்கு பேர் வாசிக்க வேண்டிய இசைக்கு இன்றும் நான்கு பேரே வேண்டும். அரை மணி நேரம் ஆகும் இசைக்கு அரை மணி நேரமே ஆகும். மற்றத் தொழில்களில் உற்பத்தி கூடக்கூட ஊதியம் கூடுகிறது. கலைஞரும் அதே ஊரில் அரிசி வாங்கி வாடகை கொடுத்து வாழ வேண்டியிருப்பதால் அவர் ஊதியமும் கூடியாக வேண்டும். உற்பத்தி கூடாமல் ஊதியம் மட்டும் கூடுவதால் மேடைக் கலையின் செலவு மற்றவற்றைவிட வேகமாக ஏறிக்கொண்டே போகிறது. சீட்டு விலை ஏறுவதற்கு நிர்வாகிகளின் பேராசையை மட்டும் காரணம் காட்ட முடியாது.

ஒளிப்பதிவு இந்தக் கணக்கை ஓரிடத்தில் மாற்றுகிறது. பதிவு செய்வதற்கு ஆகும் செலவு பெரியது. பல கேமராக்கள் வேண்டும். அவற்றுக்கு இடம் விட இருக்கைகளை விற்காமல் வைக்க வேண்டும். திரைக்கென ஓர் இயக்குநரும், கேமராவோடு சேர்ந்த ஒத்திகையும் வேண்டும். ஒலிப் பொறியாளரும் படத்தொகுப்பாளரும் வேண்டும். நாடகாசிரியர், இயக்குநர், வடிவமைப்பாளர், இசையமைப்பாளர், நடிகர் என ஒவ்வொருவரிடமும் உரிமை பெற்று ஒப்பந்தம் எழுத வேண்டும். ஆனால் ஒருமுறை இத்தனையும் செய்து முடித்தபின், ஆயிரமாவது ஆள் பார்ப்பதற்கும் பத்தாயிரமாவது ஆள் பார்ப்பதற்கும் கூடுதலாக ஆகும் செலவு மிகச் சிறியது. இருக்கை எண்ணிக்கை என்ற வரம்பு இங்கே இல்லை. எனவே ஒருவரிடம் நிறையக் கேட்பதைவிடப் பலரிடம் கொஞ்சம் கேட்பதே இதற்கு இயல்பான வழி. அதே சமயம், கூடுதல் செலவு சிறியது என்பதைக் காட்டி முதற்செலவையே மறைத்துவிடக் கூடாது. பதிவுக்குச் செலவே இல்லை என்ற எண்ணம் இந்த மறைப்பில்தான் பிறக்கிறது.

விலை வைப்பதில் மூன்று வழிகள் முயன்று பார்க்கப்பட்டுள்ளன. லண்டனின் ஓல்ட் விக் அரங்கு 2020இல் வெற்று அரங்கில் கிளேர் ஃபாய், மேட் ஸ்மித் இருவரும் இடைவெளி விட்டு நின்று நடித்த ‘லங்ஸ்’ நாடகத்தை நேரலையாக வீடுகளுக்கு அனுப்பியது. ஒரு காட்சிக்கு ஆயிரம் பேருக்கு மட்டும் சீட்டு, விலை 10 பவுண்டு முதல் 65 பவுண்டு வரை. எந்த விலை கொடுத்தாலும் தெரியும் காட்சி ஒன்றே. மூடிக்கிடந்த அரங்கைக் காப்பாற்ற, முடிந்தவர்கள் கூடுதலாகக் கொடுங்கள் என்ற வேண்டுகோளாக அது நேர்மையானது. நிலையான முறையாக அது நிற்காது. இணையத்தில் இல்லாத தட்டுப்பாட்டை வலிந்து உண்டாக்கினால், பதிவின் முதல் நன்மையான எல்லோருக்கும் எட்டுதல் என்பதே அடிபடும். இதற்கு மறுமுனையில் ‘ஹாமில்டன்’ என்ற அமெரிக்க இசை நாடகம் நிற்கிறது. நியூயார்க்கின் பிராட்வேயில் அதன் உயர்தர இருக்கை ஒன்றின் விலை 2016இல் 849 டாலர் வரை போனது. மூல நடிகர்களோடு அதே ஆண்டு ஜூனில் எடுத்த பதிவை 2020 ஜூலையில் டிஸ்னி பிளஸ் என்ற இணையச் சேவை வெளியிட்டபோது அதன் மாதச் சந்தா 6.99 டாலர். இருக்கை விலை சந்தாவைப் போல நூற்றிருபது மடங்குக்கும் மேல். பதிவின் உரிமைக்கு டிஸ்னி கொடுத்தது ஏறத்தாழ ஏழரைக் கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. பார்ப்பவருக்கு மலிவாகவும் படைத்தவருக்கு நிறைவாகவும் அமைந்தது உண்மையே. ஆனால் உலகப் புகழ்பெற்ற ஒரு நாடகத்துக்கு மட்டுமே ஒரு பெருநிறுவனம் அவ்வளவு கொடுக்கும். நாடகத் துறை முழுவதும் அதை நம்பி வாழ முடியாது.

மூன்றாவது வழி நேஷனல் தியேட்டரின் சந்தா. மாதம் 10 பவுண்டை ஒட்டியும் ஆண்டுக்கு 100 பவுண்டை ஒட்டியும் விலை வைத்து அது தொடங்கியது. ஒரே ஒரு நாடகத்தை மட்டும் மூன்று நாள் வாடகைக்கு எடுக்கவும் இடம் உண்டு. இதோடு பிரிட்டனின் அரசுப் பள்ளிகளுக்கு அதன் பதிவுத் தொகுப்பு இலவசமாகத் தரப்படுகிறது. மூன்று வழிகளில் இதுவே அறத்துக்கும் கணக்குக்கும் பொருந்துவதாக எனக்குத் தோன்றுகிறது. சம்பாதிக்கிறவர் பணம் கொடுக்கிறார். படிக்கிற பிள்ளை கொடுக்காமல் பார்க்கிறது. பார்ப்பவருக்கும் அரங்குக்கும் இடையே மூன்றாவது வணிகர் நின்று பங்கு கேட்பதில்லை. பொதுமக்கள் வரிப்பணத்தில் மானியம் பெறும் அரங்கு மறுபடியும் மக்களிடம் ஏன் கட்டணம் கேட்க வேண்டும் என்று ஒருவர் வினவலாம். மானியம் நாடகம் மேடையேறுவதற்கான செலவில் ஒரு பகுதியைத்தான் தாங்குகிறது. மேலும் அந்த வரியைக் கட்டியவர்கள் பிரிட்டன் மக்கள். மதுரையிலோ மெல்போர்னிலோ இருந்து பார்ப்பவர் கட்டவில்லை. பள்ளிகளுக்கு இலவசமாகத் தருவதன் மூலம் வரி கட்டியவர்களின் பிள்ளைகளுக்கு அந்தக் கடன் திரும்பச் செலுத்தப்படுகிறது.

இனி மதிப்பைப் பார்ப்போம். முதல் மதிப்பு எட்டுதல். பெருநகரின் மையத்தில் இருக்கும் அரங்கில் மாலை நேரத்தில் அமர்வதற்கு, சீட்டு விலையோடு பயணச் செலவு, தங்கும் செலவு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், இரண்டு மூன்று மணி நேரம் அசையாமல் உட்காரும் உடல்வலிமை இத்தனையும் வேண்டும். சீட்டு இலவசமாகவே கிடைத்தாலும் மற்றவை இல்லாதவர் வர முடியாது. சக்கர நாற்காலியில் இருப்பவர், முதியவர், நோயாளியைக் கவனித்துக்கொண்டிருப்பவர், இரவுப் பணியில் இருப்பவர் எனப் பெருங்கூட்டம் அரங்கின் வாயிலுக்கு வெளியே நிற்கிறது. செவித்திறன் குறைந்தவர் அரங்கில் எழுத்துத் திரை வைத்த குறிப்பிட்ட சில காட்சிகளுக்காகக் காத்திருக்க வேண்டும். பதிவில் எழுத்தை அவர் வேண்டும்போது வரவழைத்துக்கொள்கிறார். பார்வையற்றவருக்கு ஒலி விளக்கமும் அப்படியே. நூறாண்டுக்கு முன் ப்ரூஸ்டுக்குக் கம்பி வழியே கிடைத்த வாய்ப்பு இன்று இவர்கள் எல்லோருக்கும் கிடைக்கலாம் என்பது சிறிய நன்மையன்று.

இரண்டாவது மதிப்பு கல்வியும் நினைவும். டேனி பாயில் இயக்கத்தில் 2011இல் நேஷனல் தியேட்டரில் நடந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாடகத்தில் பெனடிக்ட் கம்பர்பேட்சும் ஜானி லீ மில்லரும் விஞ்ஞானி, அவன் படைத்த உயிர் என்ற இரு வேடங்களையும் மாற்றி மாற்றி ஏற்றார்கள். அரங்கில் பார்த்தவர்களில் இரண்டு முறை சீட்டு வாங்க முடிந்தவருக்கே அந்தச் சோதனையின் முழுப்பொருள் விளங்கியிருக்கும். 2020இல் இரண்டு பதிவுகளும் வெளிவந்தபோது, ஒரே வசனம் இரு உடல்களில் எப்படி இரு பொருள் பெறுகிறது என்பதை நடிப்புப் பயிலும் எவரும் நிறுத்தி நிறுத்தி ஒப்பிட முடிந்தது. நியூயார்க் பொது நூலகம் 1970 முதலும், லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1992 முதலும் மேடை நாடகங்களைப் பதிவு செய்து ஆவணமாகக் காத்து வருகின்றன. தொழிற்சங்கங்களோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அவற்றைப் பார்க்க விரும்புவோர் நேரில் சென்றுதான் பார்க்க வேண்டும். கலைஞரின் உரிமையைக் காப்பதற்காக எட்டும் தூரத்தை அங்கே சுருக்கினார்கள். கட்டணச் சேவை அந்த உரிமையை விட்டுக்கொடுக்காமலே தூரத்தை நீட்டுகிறது.

இப்போது மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு கலை சார்ந்தது. நாடகத்தின் உயிர் அது நிகழும் கணத்தில்தான் இருக்கிறது; பதிவானதும் அது வேறொன்றாகிவிடுகிறது என்று பெக்கி ஃபெலன் என்ற அமெரிக்க அறிஞர் 1993இல் வாதிட்டார். இதில் பெரும் உண்மை இருக்கிறது. நடிகரின் மூச்சும் அவையின் மூச்சும் ஒன்றையொன்று மாற்றுவதை எந்தத் திரையும் தர முடியாது. எதைப் பார்ப்பது என்று முடிவு செய்யும் உரிமையும் பார்ப்பவரிடமிருந்து போய்விடுகிறது. 2014இல் லண்டனின் யங் விக் அரங்கில் ஜில்லியன் ஆண்டர்சன் நடித்த ‘எ ஸ்ட்ரீட்கார் நேம்டு டிசையர்’ நாடகத்தில் மேடை சுழன்றுகொண்டே இருந்தது. சுற்றி அமர்ந்த ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கணமும் வேறு கோணம், வேறு மறைப்பு. ஒருவர் பார்ப்பதை அடுத்தவர் பார்க்க முடியாது என்பதே அந்த வடிவமைப்பின் கருத்து. பதிவில் கேமரா எல்லோருக்கும் சேர்த்து ஒரு கோணத்தைத் தேர்ந்துவிட்டது. இந்த இழப்பை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இழப்பு என்ற சொல் ஏற்கெனவே இருந்ததைப் பறிகொடுத்தவருக்குப் பொருந்தும். லண்டனுக்கு வரவே முடியாதவர் அந்தச் சுழலும் மேடையை இழக்கவில்லை. ஆண்டர்சனின் முகத்தை அவ்வளவு அருகில் கண்டது அவருக்குப் புதிய வரவு. பதிவை நாடகம் என்று அழைப்பதா, வேறு பெயர் சூட்டுவதா என்பதை அறிஞர்கள் தீர்மானிக்கட்டும். அது வரவா செலவா என்பதைப் பார்ப்பவரின் நிலையிலிருந்துதான் தீர்மானிக்க முடியும்.

இரண்டாவது மறுப்பு, வீட்டில் கிடைத்தால் அரங்குக்கு யார் வருவார் என்பது. இதற்குச் சான்றுகளோடு விடை சொல்லலாம். நேஷனல் தியேட்டரின் திரையரங்க நேரலைகளை வைத்து ஹசன் பக்‌ஷி, ஆண்ட்ரூ விட்பி ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, அதனால் அரங்குகளுக்கு வருவோர் குறைந்ததற்குச் சான்று இல்லை என்றும், லண்டனில் சற்றுக் கூடியதற்கே அறிகுறி உண்டு என்றும் கண்டது. ‘ஹாமில்டன்’ பதிவு வீடுகளுக்குள் வந்தபிறகும் 2021 செப்டம்பரில் பிராட்வே மேடை மீண்டும் திறந்து, நாடகம் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. வீட்டிலேயே ஐந்தாண்டுகளாகக் கிடைத்த அதே பதிவு 2025 செப்டம்பரில் திரையரங்குகளுக்கு வந்தபோதும் மக்கள் சீட்டு வாங்கினார்கள். பலரோடு அமர்ந்து பார்ப்பதற்கென்று தனி விருப்பம் இருப்பதையே இது காட்டுகிறது. எனினும் இந்தச் சான்றுகளின் எல்லையையும் சொல்ல வேண்டும். 2014 ஆய்வு திரையரங்கைப் பற்றியது, வீட்டைப் பற்றியதன்று. புகழ்பெற்ற பெரிய நாடகங்களுக்குப் பொருந்துவது, ஓர் ஊரில் பத்துப் பதினைந்து காட்சிகளில் செலவை எடுக்க வேண்டிய சிறு குழுவுக்குப் பொருந்தாமல் போகலாம். அத்தகைய குழு மேடைக் காட்சிகளை முடித்துக்கொண்டு, இடைவெளி விட்டுப் பதிவை வெளியிடுவதே பாதுகாப்பு. திரைப்படத் துறை நெடுங்காலமாகச் செய்வதும் இதுவே.

மூன்றாவது மறுப்பு, பெரியவர்கள் மேலும் பெரியவர்களாவார்கள் என்பது. இதுவே எனக்கு மிகக் கடினமான மறுப்பு. பெயர் தெரிந்த நடிகரின் பதிவைத் தேடிப் பணம் கொடுப்பார்கள். பெயர் தெரியாத குழுவின் பதிவுக்குச் செலவழித்த முதல்கூடத் திரும்பாது. பிரிட்டனில் பெருந்தொற்றின்போது இணையத்தில் நாடகம் காட்டிய மானிய அரங்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை, 2021 இலையுதிர்காலப் பருவத்தில் ஒன்றுகூட இணையத்துக்கென வைத்திருக்கவில்லை என்று ஓர் ஆய்வு கண்டது. விருப்பமின்மையைவிடக் கணக்குதான் அவர்களைத் தடுத்திருக்கும். தனித்தனியாக ஒவ்வொரு குழுவும் கேமரா வாங்கி, இணையத் தளம் அமைத்து, சந்தாதாரரைத் தேடுவது நடவாத காரியம். பல குழுக்களுக்கு ஒரே பதிவுக் கருவிகள், ஒரே சந்தா, பார்த்த அளவுக்குப் பங்கு என்ற கூட்டு ஏற்பாடு ஒன்றே இதற்கு விடை. அதன் முதற்செலவை அரசோ பல்கலைக்கழகமோ இதுபோன்ற அறக்கட்டளைகளோ ஏற்க வேண்டும். சந்தையால் ஆகாது என்று தெரிந்த இடத்தில்தான் அறத்துக்கு வேலை இருக்கிறது.

நான்காவது மறுப்பு பார்ப்பவரைப் பற்றியது. வீட்டில் கவனம் சிதறுகிறது, பாதியில் எழுந்து போகிறோம், கைபேசி அழைக்கிறது என்பார்கள். 2010இல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், நாடக நேரலையைத் திரையரங்கில் பார்த்தவர்கள் மேடைமுன் அமர்ந்து பார்த்தவர்களைவிடக் கூடுதலாக உணர்வு ஒன்றியதாகக் கூறினார்கள். திரை என்பதாலேயே ஒன்றுதல் குறையாது என்பதற்கு அது சான்று. ஆனால் அவர்கள் இருட்டில், பிறரோடு, குறித்த நேரத்தில் அமர்ந்தவர்கள். வீட்டில் அந்த ஒழுங்கை நாமே உண்டாக்க வேண்டும். அரங்கில் பணத்தைக் கொடுத்தால் கவனத்துக்கு வேண்டிய சூழலை அரங்கே செய்து தருகிறது. வீட்டில் பணத்தோடு கவனத்தையும் நாமே கொடுக்க வேண்டும். வீட்டு நாடகத்தின் விலையில் கண்ணுக்குத் தெரியாத பகுதி இது. இலவசமாகக் கிடைப்பதைப் பாதியில் விடுவது எளிது என்பதால், சிறு கட்டணம் கவனத்துக்கும் துணை நிற்கிறது.

இவையெல்லாம் லண்டன், நியூயார்க் செய்திகள் என்று நாம் விலகி நிற்க வேண்டியதில்லை. தமிழ் நாடகம் வீட்டுக்குள் வந்து நெடுங்காலமாயிற்று. கிராமபோன் காலத்தில் முழு நாடகங்கள் பல இசைத்தட்டுகளில் ‘டிராமா செட்’ என்று விற்பனையாயின. பின்னர் எஸ்.வி. சேகரின் நாடகங்களை ஒலிநாடாவில் கேட்டுச் சிரித்த குடும்பங்கள் எத்தனையோ. ஆனால் பெரும் மேடைகளின் பதிவு நம்மிடம் மிகக் குறைவு. எம்.ஆர். ராதா ‘ரத்தக்கண்ணீர்’ நாடகத்தில் அன்றாடச் செய்திகளை எடுத்து மேடையிலேயே புதிய வசனங்களைச் சேர்ப்பார் என்பது நாடக வரலாறு. 1954இல் வந்த திரைப்படம் அவரது குரலையும் நடையையும் காத்துத் தந்தது. ஊருக்கு ஊர் மாறிய அந்த மேடை நிகழ்வு மறைந்துபோயிற்று. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பயிற்றிய பாலர் குழுக்களின் நடிப்பை நாம் நினைவுக் குறிப்புகளில் படிக்கலாமே தவிரப் பார்க்க முடியாது. அந்தக் காலத்தில் கருவி இல்லை என்று ஆறுதல் கொள்ளலாம். இன்று நடக்கும் நாடகங்கள் ஒழுங்கான பதிவின்றி மறைந்தால் அந்த ஆறுதலுக்கும் இடமில்லை.

கூத்தைப் பொறுத்தவரை நிலைமை வேறு. கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தின் பதிவுகள் யூடியூபில் ஏராளமாக இருக்கின்றன. பார்வை எண்ணிக்கையும் விளம்பரமும் ஏறும்போது, இரவு முழுவதும் முடி சுமந்து ஆடிப் பாடியும் முகவீணை ஊதியும் உழைத்த கலைஞர்களுக்கு அதில் என்ன பங்கு என்று நாம் கேட்க வேண்டும். இதில் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் செய்த திருத்தம் நிகழ்த்துநர் உரிமையைச் சேர்த்தது. பின்னர் அதன் காலம் 50 ஆண்டாக உயர்ந்தது. 2012 திருத்தம் அதை மேலும் வலுப்படுத்தியது. நிகழ்த்துநர் யார் என்று சொல்லும் பிரிவில் நடிகர், பாடகர், ஆடுநர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரை பெயர் சொல்லப்பட்டிருக்கிறது. பதிவு செய்யவும் பரப்பவும் அவர் இசைவு தேவை. சட்டப் புத்தகத்தில் பாம்பாட்டிக்கும் இடம் கொடுத்த நாட்டில், கூத்துக் கலைஞரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் ஆட்டத்தைப் படம்பிடித்து ஏற்றுவது வழக்கமாகிவிடக் கூடாது. ஊர்ப் பொதுமக்கள் கொடுக்கும் கூலி அந்த இரவின் ஆட்டத்துக்கானது. பதிவுக்கும் பரப்புதலுக்கும் தனியே பேசித் தர வேண்டும்.

தொகுத்துச் சொல்கிறேன். வீட்டில் காணும் நாடகம் அரங்கை அழிக்க வந்ததுமன்று, அரங்குக்கு ஈடாக வந்ததுமன்று. அரங்கு எட்டாதவருக்கு அது நாடகத்தைக் கொடுக்கிறது. அரங்கு மறந்துவிடக்கூடியதை அது காத்துத் தருகிறது. இவ்விரண்டும் உழைப்பால் ஆவதால் இரண்டுக்கும் விலை உண்டு. அந்த விலை ஓர் எளிய குடும்பம் தயங்காமல் கொடுக்கும் அளவில் இருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இல்லாமலே இருக்க வேண்டும். அதில் ஒரு பங்கு மேடையில் நின்றவரையும் மேடைக்குப் பின்னால் நின்றவரையும் தவறாமல் சென்றடைய வேண்டும்.

இந்த அவையில் உள்ள நாடகக் குழுவினரிடம் என் வேண்டுகோள், உங்கள் சிறந்த நாடகங்களை நல்ல தரத்தில் பதிவு செய்யுங்கள். நடிகர்களோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். பல்கலைக்கழகங்களிடமும் அறக்கட்டளைகளிடமும் என் வேண்டுகோள், சிறு குழுக்களும் கூத்துக் குழுக்களும் சேர்ந்து பயன்படுத்தக்கூடிய ஒரு பொதுப் பதிவகத்துக்கு முதல் போடுங்கள். மாணவர்களிடமும் பொதுமக்களிடமும் என் வேண்டுகோள், அரங்குக்குப் போக முடிந்த நாளில் அரங்குக்குப் போங்கள். முடியாத நாளில் வீட்டில் கட்டணம் செலுத்தி, கைபேசியை அணைத்து வைத்து, நாடகத்தை முழுமையாகப் பாருங்கள். வீட்டில் அமர்ந்து பார்ப்பவரும் நாடகத்தின் பார்வையாளரே. பார்வையாளர் தரவேண்டிய பணத்தையும் கவனத்தையும் அவரும் தர வேண்டும்.